குன்வோருக்கு எந்தச் சிறகு

ஐலர்ட் இப்போது படகோடு சரி. கீழே இறங்குவதில்லை. ஹித்ராத் தீவின் மேற்குக் கரைக்குப் புதிதாக வருபவர்கள், கயிறு பிடிக்கிற, காப்பி ஊற்றிக்கொடுக்கிற, அதிகம் பேசாத படகுக்காரன் என்று அவனை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் இந்த நீரிணையின் மூத்த சுழியோடிகளில் ஒருவன். கடலடி மணலில் கிடக்கும் விசிறிச் சிப்பிகளைக் கையால் பொறுக்கி வலைப்பையில் நிரப்பிக்கொண்டு மேலே வருவதுதான் அவன் பிழைப்பாக இருந்தது. தம்பி ஒட்முனுக்கும் அதே படகு, அதே பிழைப்பு. சிப்பி தரம் பிரிக்கும் கொட்டிலில் நான் நின்ற காலத்தில், பையைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடுவேன். ஐலர்ட் சிறியவற்றைத் தொடமாட்டான். ஒட்முன் ஒன்றையும் விடமாட்டான்.

இந்தத் தண்ணீரில் இறங்க நீர் புகாத உடுப்பு வேண்டும். உள்ளே கம்பளி, கம்பளிக்குள் காற்று. அந்தக் காற்று ஆளை மிதக்கவைக்கும். அதை அமுக்க இடுப்பில் ஈயம். முதுகில், சிலிண்டருக்கும் உடம்புக்கும் நடுவே, லாடம்போல வளைந்த இன்னொரு காற்றுப்பை. அதைத்தான் சிறகு என்பார்கள். ஊதினால் தூக்கும், காற்றை விட்டால் இறக்கும். எங்கள் சிப்பிக்காரர்களுக்கு அது ஒரு கேலிப்பொருள். "உடுப்புத்தான் சிறகு" என்பது அவர்கள் பேச்சு. கீழே உடுப்புக்குள் காற்றை விட்டே மிதப்பைச் சரிசெய்துகொள்வார்கள். முதுகில், கிடைப்பதற்குள் மிகச் சிறிய சிறகைக் கட்டுவார்கள். நீரோட்டம் இழுக்காது, பாசித் தண்டில் சிக்காது. யாராவது பெரிய சிறகோடு துறைக்கு வந்தால், "என்ன, பறக்கவோ வந்தனீ?" என்று முதலில் கேட்பவன் ஐலர்ட்தான்.

ஒரு மாசி மாதம் ஒட்முனின் உடுப்பில் தண்ணீரை மறிக்கும் கழுத்து ரப்பர் கடலடியில் கிழிந்தது. உடுப்புக்குள் தண்ணீர் புகுந்து காற்று முழுவதும் போய்விட்டது. இடுப்பில் ஈயம், அதை அவிழ்க்கும் கொக்கியின்மேல் நிறைந்த சிப்பிப் பை. அவனை எடுத்தபோது அந்தச் சின்னச் சிறகு வெடிக்கிற மாதிரி ஊதியிருந்தது. தன்னால் முடிந்த அளவு அது தூக்கத்தான் பார்த்திருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு, காப்பி மேசையில், ஒட்முனின் மனைவி குன்வோருக்கு ஐலர்ட் சொன்னான்: "உடுப்பு நிறைஞ்சா முடிஞ்சுது. எந்தச் சிறகும் தூக்காது. ஆராலயும் ஒண்டும் செய்திருக்கேலாது."

அவள் தலையாட்டினாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் அந்த வருடத்தைத் தாண்டினார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள், ஒட்முனின் இடத்தில் தானே இறங்கப்போவதாகக் குன்வோர் சொன்னாள். கலியாணத்துக்கு முன் அவளும் சுழியோடியவள்தான்.

"உனக்கென்ன விசரே?" என்றான் ஐலர்ட்.

"வீட்டுக்குள்ள இருந்து சன்னலால கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் விசர்."

அவளை மறிக்க முடியாது என்று தெரிந்ததும் அவன் துரொண்ட்ஹைம் நகரத்துக்குப் போய்ச் சிறகு வாங்கிவந்தான். இரட்டைச் சிலிண்டருக்கென்று செய்தது. கடையில் அதைவிடப் பெரியது இல்லை. குன்வோர் அதைத் துறையில் விரித்துப் பார்த்தாள்.

"இது எனக்கோ, படகுக்கோ?"

"பேசாமல் கட்டு."

"நான் கட்டுறது ஒத்தைச் சிலிண்டர், ஐலர்ட். இது ரெண்டு பக்கத்தாலும் மடிஞ்செல்லே நிக்கும்."

"நிண்டா நிக்கட்டும். தூக்குந்தானே."

துறையோரத்திலேயே இறங்கிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடிபோல இருந்ததால் மேலிருந்தே எல்லாம் தெரிந்தது. சிறகின் விளிம்புகள் அப்பத்தின் ஓரம்போல எழும்பிச் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டன. காற்று ஒரு மடிப்புக்குள் போய் நின்று அவளைப் பக்கவாட்டில் புரட்டியது. காற்றை விடும் கயிற்றை அவள் இழுத்தாள், அது வெளியேறவில்லை. மேலே வர வர உப்பி, அவளை ஒரு தக்கைபோல வெளியே எறிந்தது. ஆழமில்லாத இடம் என்பதால் தப்பினாள். ஆழத்தில் என்றால் நுரையீரல் கிழிந்திருக்கும்.

"காணுமோ? இன்னும் தூக்கோணுமோ?" என்றாள், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

அடுத்த நாள் ஐலர்ட் அந்தச் சிறகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தரமான ஒன்றோடு வந்தான். இந்த முறை கணக்குப் பார்த்தது குன்வோர். உடுப்பு நிறைந்தால் எவ்வளவு மிதப்புப் போகுமோ, அவ்வளவையாவது சிறகு தூக்கவேண்டும். கழற்றித் தண்ணீரில் போட்டால் சிலிண்டரோடு தானே மிதக்கவேண்டும். அதற்குமேல் வேண்டாம். சிப்பிப் பைக்குத் தனி மிதவை, அது இடுப்புக்கு வரவே கூடாது.

கழற்றிப் போட்டார்கள். மிதந்தது.

"இனி உடுப்பை நிறைச்சுப் பாப்பம்," என்றாள்.

"வேண்டாம், குன்வோர்."

"அப்ப என்னெண்டு தெரியிறது? கீழ போய்த் தெரிஞ்சுகொள்ளவோ?"

அவன் அவளுக்குக் கயிறு கட்டினான். அவள் அடியில் போய் முழங்காலில் நின்றாள். கழுத்து ரப்பருக்குள் இரண்டு விரல்களை விட்டு இழுத்துத் திறந்தாள். காற்று கொத்தாக மேலே வந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐலர்ட் திருப்பவில்லை. கயிற்றை இழுக்கவுமில்லை.

கயிறு தானாகத் தளர்ந்தது. குன்வோர் மெதுவாக, மிக மெதுவாக, நிமிர்ந்தபடி மேலே வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"தூக்கினது! ஐலர்ட், உடுப்பு முழுக்கத் தண்ணி, எண்டாலும் தூக்கி..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

ஒட்முன் அவளைவிடப் பெரிய ஆள். அவனுக்கு இதைவிட ஓர் அளவு பெரிய சிறகு தேவைப்பட்டிருக்கும். அவ்வளவுதான்.

அவளை ஏற்றித் துறையில் உட்காரவைத்தோம். கழுத்தாலும் கையாலும் தண்ணீர் வழிந்து பலகையில் ஓடியது. ஐலர்ட் அவள் முன்னால் முழங்காலில் இருந்தான்.

"அண்டைக்கு மேசையில நான் சொன்னது பொய்."

"அது பொய்யெண்டு உனக்கு அண்டைக்குத் தெரியாது."

"சின்னது போதுமெண்டு அவனுக்குச் சொன்னது ஆர்? நான்தானே."

குன்வோருக்குக் குளிரில் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. நிறைந்த உடுப்பைத் தனியே கழற்ற யாராலும் முடியாது. அவள் தன் காலை அவன் பக்கம் நீட்டினாள். அவன் உடுப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.