அம்மாவின் ஸ்லைடு

புதுவயல் ரைஸ்மில் களத்தில் நெல் துழாவுகிற அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, இடது கன்னமும் கண்ணும் வீங்கிவிட்டன. மூக்குக்குள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். கரும்பூஞ்சை என்றால் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டும். சதை வந்தது காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு.

"நீதானடா பாக்குறே? அப்ப நல்லதாத்தான் வரும்" என்றாள் அம்மா போனில். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். சாயம் போடுவதுதான் என் வேலை, முடிவு சொல்வது டாக்டர் என்று எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை.

பூஞ்சைக்குப் போடும் சாயமான ஷிஃப் கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆல்டிஹைடு என்கிற வேதிப்பொருளைத் தொட்டால் மெஜந்தாவாகும். முதலில் சதையைச் சீவி ஒட்டிய ஸ்லைடை ஓர் அமிலத்தில் வைப்போம். பூஞ்சை இருந்தால் அதன் சுவரில் ஆல்டிஹைடு உண்டாகும். பிறகு கரைசலில் வைத்தால் அந்தச் சுவர் எடுப்பாகத் தெரியும்.

அன்று கழுவி எடுத்த ஸ்லைடில் ஓர் இடம் பாக்கியில்லை. மொத்தச் சதையும் மெஜந்தா. முகம் முழுக்கப் பரவிவிட்டது என்றே நினைத்தேன்.

சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ரோஸ்மில்க்க ஊத்தி வச்சிருக்கீக?" என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "பதறாதீக. அமிலத்துல வைக்காம இன்னொண்ணு போடுங்க."

போட்டேன். அதுவும் அதே நிறம். அமிலமே படாத சதையில் ஆல்டிஹைடு எப்படி வந்தது? அக்கா சதை எடுத்த ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், சதைய எதுல போட்டு அனுப்புனீக?"

"பார்மலின் தீந்துபோச்சுக்கா. மூக்குக்குள்ள விடுற ஸ்கோப்ப ஊறவைக்கிற மருந்துல போட்டோம். அதுவும் கிருமியக் கொல்றதுதான?"

அந்த மருந்தே ஓர் ஆல்டிஹைடு. சதை கெடாமலிருக்க வழக்கமாக ஊற்றும் பார்மலினும் அந்த இனம்தான், ஆனால் கழுவினால் போய்விடும்; இது போகாமல் சதையெங்கும் ஒட்டிக்கொண்டு நிறம் காட்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவிடம் மறுபடி சதை எடுத்தார்கள். பார்மலின் பாட்டிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் சாயந்தரம், அமிலத்தில் வைக்காத ஸ்லைடு வெளுப்பாகவே இருந்தது. இந்த முறை சாயம் ஏமாற்றாது என்று, அமிலத்தில் வைத்த மற்றதைத் தைரியமாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெளிறிய சதைக்குள் அகலமான நாடாக்கள், கிளை கிளையாக, மெஜந்தாச் சுவரோடு. ரத்தக் குழாய்க்குள்ளும் புகுந்திருந்தன. ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்த்தேன். அவை போகவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். யாருடைய சதை என்று அவருக்குத் தெரியாது.

"கரும்பூஞ்சைதான். சந்தேகமே இல்ல. சாயம் என்ன தெளிவா ஏறியிருக்கு! யாரு போட்டது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் மேடம்" என்றேன். "அது எங்கம்மா."