வடிவம்மா நடத்திய விசாரணை

வடிவம்மாக்கா பைபிளைத் திறந்தால், அதில் வரும் நல்லவர் எல்லாம் அவாதான். ஞாயிற்றுக்கிழமை சூசன்னாவின் கதை வாசித்தோம். குற்றமற்ற அந்தப் பெண்ணை மரத்தடியில் ஒருவனோடு கண்டதாக இரண்டு கிழவர்கள் பொய் சொல்ல, தானியேல் அவர்களைப் பிரித்து வைத்து "எந்த மரம்?" என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரம் சொல்லி மாட்டுகிறார்கள். அக்கா தானியேலாகவே வீட்டுக்குப் போனா.

அந்தக் கிழமைதான் அவாவின் வரப்பு உடைந்து, அவாவின் முறைக்கு விட்ட தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயல் பரமலிங்கத்தாரிடம் போயிருந்தது. அவர்தான் வரப்பை வெட்டிவிட்டார் என்று, தண்ணீர் பங்கிடும் கமக்காரர் அமைப்பில் அக்கா முறைப்பாடு கொடுத்தா. குற்றம் உறுதியானால் அவருக்கு அடுத்த இரண்டு முறைத்தண்ணீரும் இல்லை. கதிர் வருகிற நேரம், வயல் கருகிவிடும். "நண்டு துளைச்சது தங்கச்சி. நான் அடைச்சனான்" என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. நானும்தான், வெட்கக்கேடு.

கூட்டத்தில் அக்கா எழும்பினா. அவர் வெட்டியதைக் கண்டதாகச் சொன்ன சாட்சிகள் இருவரும் அவாவின் சொந்தக்காரர்.

"தனித்தனியா விசாரிப்பம். பைபிளிலை அப்பிடித்தான்."

மச்சாள் விமலேஸ்வரியை வெளியே அனுப்பிவிட்டு, மருமகன் கிருசாந்தனைக் கேட்டா.

"எந்த மரத்தடியிலை கண்டனி?"

"மருதமரத்தடி, மாமி."

"கையிலை என்ன?"

"மண்வெட்டி."

பிறகு விமலேஸ்வரி வந்தா. அவாவும் மருதமரம் என்றா. எங்கள் வயல்வெளியில் இருப்பதே அந்த ஒரு மரம்தான், வேறு எதைச் சொல்வது? அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

"கையிலை என்ன வைச்சிருந்தவர்?"

"வைக்கல். குந்தியிருந்து ஓட்டைக்குள்ளை திணிச்சவர்."

கிருசாந்தன் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

"பின்னை ஏனடி வெட்டினவர் எண்டனி?"

"நீங்கள்தானே மச்சாள் சொன்னனீங்கள். நான் ஓமெண்டனான்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. முறைப்பாட்டுக் கடிதத்தைச் செயலாளரின் மேசையில் இருந்து எடுத்துக் கிழித்தா. பரமலிங்கத்தாருக்கு முன்னால் போய் நின்றா.

"அண்ணை, நான் தானியேல் இல்லை. ரெண்டு கிழவரிலும் மூத்த கிழவர் நான்தான்."

அவர் சைவக்காரர். எந்தக் கிழவர், என்ன கதை என்று ஒன்றும் விளங்காமல் விழித்தார்.

"அதை விடுங்கோ தங்கச்சி," என்றார். "எனக்குத் தண்ணி வருமோ?"

"ஓம் அண்ணை" என்று சொல்லி முடிக்குமுன் அக்கா அழுதுவிட்டா.