நடுங்காத கை

என் தம்பியை மில்லில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீலக்கை என்பார்கள். டர்பைனின் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பொருத்தமாகச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. தண்டில் நீல மையைப் பூசி, பேரிங்கில் வைத்து உருட்டுவான். நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. மேட்டை மட்டும் சுரண்டுவான். மறுபடி மை, மறுபடி உருட்டல். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அந்த மை எந்த சோப்புக்கும் அசையாது. கல்யாணப் போட்டோவிலும் நீல நகத்தோடுதான் நிற்கிறான்.

என் வீட்டுக்காரர் அதே டர்பைனுக்கு சூப்பர்வைசர். பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாதவர். வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட என் தம்பிதான் வரவேண்டும். "அத்தான் சுத்தியலைத் தொட்டா ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா" என்று கேலி செய்வான். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன், டர்பைனைப் பிரித்து மாட்டும் வேலை முடிகிற நாள். இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன், வலது கை நகக்கண்ணில் நீலம்.

"இதென்ன, நீங்களும் நீலக்கை ஆயிட்டீங்களா?"

"எங்கயோ பட்டிருக்கும்" என்றார். சட்டைக் கையிலும் பட்டிருந்தது. துவைத்தேன், போகவில்லை.

மறுநாள் டர்பைனை ஓட்டிப் பார்த்தார்கள். முழு வேகத்தை நெருங்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஓர் உறுமல். நிறுத்துவதற்குள் பேரிங்கின் உள்பூச்சு உருகி, தண்டெல்லாம் கீறல். மில் பதினொரு நாள் நின்றது. வெளியிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்து, அதிர்வைப் பதிவு செய்த சார்ட்டைப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். அதை இவர் சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளரும் கரண்டிக் காம்பும் வைத்து எனக்கு விளக்கினார்.

"தண்டு பேரிங்கைத் தொடவே தொடாது. நடுவுல எண்ணெய்ப் படலம். தண்டை ஒட்டின எண்ணெய் தண்டோட வேகத்துல ஓடும், பேரிங்கை ஒட்டினது அப்படியே நிக்கும். மொத்தத்துல எண்ணெய் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் கம்மியா சுத்தும். தண்டு அழுத்தி உட்கார்ந்திருந்தா பயமில்ல. இடைவெளி கூடிப்போனா அந்தப் பிடிப்பு போயிடும். அப்புறம் எண்ணெயே தண்டைத் தள்ளிக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சிடும். சார்ட்டுல அந்தப் பாதி வேக ஆட்டம்தான் விழுந்திருக்கு."

"இடைவெளி எப்படிக் கூடுச்சு?"

"உன் தம்பி நோட்டுல எழுதினதைவிட ரெண்டு மடங்கு இருக்கு" என்று சொல்லிக் கரண்டியைப் பார்த்தார். நான் அவர் நகத்தைப் பார்த்தேன். மெதுவாகக் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். நான் விடவில்லை. கடைசியில் கொட்டிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் அதே பேரிங் சூடாகி, மேனேஜர் எல்லோர் முன்னாலும் இவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்தப் பயம். தம்பி அளந்து, எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், இன்னும் முடுக்காமல் வைத்திருந்த பேரிங்கின் மேல்பாதியை எடுத்து, கொஞ்சம் தளர்வாக இருந்தால் சூடாகாது என்று இவரே சுரண்டியிருக்கிறார். ஆணி அடிக்கத் தெரியாத மனுஷன்! தம்பி திரும்பி வந்தான், அளந்ததுதானே என்று முடுக்கிவிட்டான்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா என் வேலை போயிடும். அவனை வெளியே அனுப்ப மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். தம்பியை ஸ்டோருக்கு மாற்றினார்கள், போல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். மகள் படிப்பு, வீடு, மானம் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அந்த நீள வாயை நானே மூடிக்கொண்டேன். யாரும் என்னை மூடச் சொல்லவில்லை.

தம்பிக்கு அத்தான் மேல் சந்தேகமே வரவில்லை. வேறு யார் தொடப் போகிறார்கள், கண்ணோ கையோ ஏமாற்றியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். டாக்டரைப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றவரை விட்டுவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுக்கிறவராகத் தேடிப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். மேசை மேல் கையை நீட்டி, "அக்கா, நடுங்குதா பாரு" என்பான். பிடித்துப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். "இல்லடா." "நீ எனக்காகச் சொல்ற" என்பான். வருஷத்துக்கு ஐம்பது ஞாயிறு. அத்தனை முறையும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வாயை மூடியிருந்தேன்.

போன மாதம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். "மாமா, தூக்குங்க" என்று நீட்டினாள். தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். "வேணாம்மா. என் கையை நம்பாதே." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"உன் கைக்கு ஒண்ணுமில்லடா. நீ சாப்பிடப் போனப்ப இவர்தான் சுரண்டினார்."

நாற்காலியில் இருந்த இவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்ப்பா" என்றார்.

தம்பி அவரைச் சும்மா ஒரு பார்வை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டர்பைன் நின்ன அந்த வாரமே. அதுக்கு முன்னாடியே சட்டையில நீலத்தைப் பார்த்தேன்."

"அவர் பயந்தவர், விடு. நீ என் கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தியே அக்கா."

மேசைக்கு வந்து, எப்போதும் போல வலது கையை நீட்டினான். பிடிக்கப் பயந்து நின்றேன்.

"இப்பப் பாரு" என்றான்.

விரல்கள் ஐந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன.