தூசியின் அளவு

கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாகச் செய்யும் ஓசூர் ஆபீஸ் ஒன்றில் டீ கொடுக்கிறேன். இன்று மதியம் கவிதா படத்தின் வானத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தூசியைக் கூட்டக் கூட்ட நீலம் மங்கி, சூரியன் வெளிறிப்போய் நின்றது.

“அண்ணா, நெசமான வானம் மாதிரி இருக்குதா?”

அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது. குருபரப்பள்ளிப் பக்கத்துக் கல்குவாரியில் நின்றேன்.

அங்கே வெடி வைக்கும் முன் மேஸ்திரி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். குழியிலிருந்து மேலே ஏறிவிட்டவர்கள் “வந்தாச்சு” என்று கத்த வேண்டும். அப்பாவுக்கு இருமலில் குரல் எழும்பாது. சோறு கொண்டுபோகும் நான்தான் அவருக்காகக் கத்துவேன்.

“ஏன்டா மாதப்பா, வாயைப் பையங்கிட்ட குடுத்துட்டியா?” என்று மேஸ்திரி சிரிப்பார்.

அன்று முதல் வெடியின் தூசி அடங்கவே இல்லை. வானம் இதே நிறத்தில் இருந்தது. இரண்டாவது வெடிக்கு முன் “மாதப்பா!” என்றார். எனக்குப் பின்னால் இருமல் கேட்டது. “வந்தாச்சு!” என்று கத்தினேன். குவாரியில் இருமாதவர் யார்? அப்பா, விட்டுவந்த கடப்பாறையை எடுக்க மறுபடி கீழே இறங்கியிருந்தார். அந்த வெடியிலேயே போய்விட்டார்.

ஊர்க்காரர்கள் மேஸ்திரியை அடித்தார்கள். “கூப்பிட்டேன் சாமி, பதில் வந்துச்சு” என்றார். யார் குரல் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை அவரைச் சபித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சொல்லுங்கண்ணா, தூசி சரியா இருக்குதா?”

“எனக்கு என்னம்மா தெரியும்” என்றேன்.