ஒரு பக்கம் மட்டும் பார்த்த பிளக்

செஞ்சியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரி ரஷீத் பாய் வீட்டில் ஒரு பழைய வால்வு டிவி கெட்டுக் கிடந்தது. அதைச் சரிசெய்து, வீடியோ டெக்கில் படம் பார்க்க வழி பண்ணச் சொன்னார்.

வால்வுகளை மாற்றினேன். டெக்கிலிருந்து வரும் வயரை டிவிக்குள் நேராகப் பற்றவைத்தேன். அந்தக் காலத்து டிவியில் மெயின் கரண்டின் ஒரு கம்பி உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடே சேர்ந்திருக்கும். அதனால் சட்டத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. படமும் தெளிவாக வந்தது. கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பாய் வீட்டில் அயர்ன் பாக்ஸுக்காக டிவி பிளக்கைப் பிடுங்கியவர்கள், திரும்பச் சொருகும்போது மாற்றிச் சொருகிவிட்டார்கள். இரண்டு முள் பிளக் எப்படியும் நுழையும்; திருப்பினால் கரண்ட் வரும் கம்பி சட்டத்தின் பக்கம் வந்துவிடும். படம் முன்போலவே ஓடியது. ஆனால் இப்போது சட்டத்தில் கரண்ட், வயர் வழியாக டெக்கின் தகரத்திலும் கரண்ட்.

மாலை பாங்கு கேட்டது. தொழுகைக்கு ஒளு செய்து கைகால் கழுவிய ஈரத்தோடு பாய் டெக்கை நிறுத்தப் போனார். கரண்ட் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்ததால் உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் என்னிடம், "ஈரக்கையோட தொட்டது என் தப்புப்பா. நீ இன்னா பண்ணுவ?" என்றார். நான் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் பிளக்கை இரண்டு பக்கமும் திருப்பிச் சொருகி டெஸ்டர் வைக்கிறேன். இந்த மாதிரி டிவிக்கு, மெயினிலிருந்து சட்டத்தைப் பிரித்துவைக்கும் தனி டிரான்ஸ்பார்மர் வைக்காமல் டெக்கை இணைப்பதே இல்லை.

ரஷீத் பாய் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். பாய், தப்பு உங்கள் கையில் இல்லை. என் கையில்.