தூண்களுக்கு அடியில் ஒரு கும்பல்

"தொல்பொருள் நிலத்தில் புதையல் தோண்டிய கும்பலின் தலைவன்" என்று பொலிஸ் அறிக்கை ஹீன்பண்டாவை வர்ணிக்கிறது. கும்பலில் இன்னொருவர் இருந்தது உண்மைதான். அது அவர் வீட்டுச் சேவல். கூப்பிடாமலே பின்னால் வந்திருந்தது. தலைமைப் பண்பைப் பொறுத்தவரை, ஹீன்பண்டா தன் நாயைக்கூட அதட்டாத மனிதர்.

நெலும்வில விகாரை கண்டி அரசர் காலத்தது. இடுப்பளவு உயரக் கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், பலகைத் தளம், வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர்கள், உள்ளே புத்தர் சிலையும் கூரைவரை சித்திரங்களும். மரமும் மண்ணும் கறையானுக்குப் பிடித்த சாப்பாடு என்பதால்தான் கட்டியவர்கள் முழு விகாரையையும் கல்லின்மேல் தூக்கி வைத்தார்கள். கீழே காற்றும் நாய்களும் போய்வந்தன.

லொறி முதலாளி விஜேபாலவுக்கு அந்த வெற்றிடம் ஒரு குறையாகப் பட்டது. செத்துப்போன தகப்பனின் பெயரில் தூண்களுக்கிடையே செங்கற்சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பிக் கொடுத்தார். பிக்குகள் பிரித் ஓதி, தண்ணீர் வார்த்து, புண்ணியம் தகப்பனைச் சேர்ந்தது. அடுத்த மழைக்குள் கறையான் உத்தரத்தைச் சேர்ந்தது.

சுவரை இடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். செத்தவருக்குக் கொடுத்த புண்ணியத்தில் யார் கைவைப்பது? விகாரையைப் பராமரிக்கும் தாயக சபையின் தலைவர் தசநாயக்க, ஹீன்பண்டாவின் மனைவிக்கு அண்ணன், தேநீர் குடிக்க வந்தார்.

"மச்சான், முதலாளி ஊரையே பஸ்ஸில ஏத்தி அனுராதபுரம் கூட்டிட்டுப் போறார். நீ மட்டும் நின்னு சுவரை இடிச்சிடு."

"யாராவது கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. தலைவர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன், கதிரையைச் சூடாக்கவா?"

"சின்ன வயசில மாங்கா திருடும்போதும் இவரைத்தானே அண்ணா மரத்தில ஏத்தினீங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. மூவரும் சிரித்தார்கள்.

ஹீன்பண்டா பயந்த சுபாவம். அலவாங்குக் கடப்பாரையைச் சுவரில் போடுமுன் முதலாளியின் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்க விளக்கேற்றி, வெற்றிலையும் தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கும்பிட்டார். புதையல் தோண்டுகிறவர்கள் பூதத்துக்குப் படைப்பதும் இதே சாமான்களைத்தான். அதற்கு ஒரு சேவலும் வேண்டும். அதுவும் வந்து நின்றது.

மத்தியானத்துக்குள் சுவர் போய், மண்ணும் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. வழியில் பழுதான பஸ்ஸும் திரும்பி வந்துவிட்டது. முதலாளி பொலிஸை அழைத்தார்.

"சேவல் யாருக்குப் பலி?" என்றார் பொலிஸ்காரர்.

"அது பலி இல்லை சேர். கறையான் தின்ன வந்தது."

கூட்டம் சிரித்தது.

"தோண்டச் சொன்னது யார்?"

ஹீன்பண்டா நிம்மதியாகத் திரும்பினார். "இதோ நிக்கிறான். சொல்லு மச்சான்."

தசநாயக்க முதலாளியைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்கால்களைப் பார்த்தார். "என் தங்கச்சியைக் கட்டினவர்தான் சேர். அவரோட ஆசையெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

பிறந்ததிலிருந்து 'அவன்' என்றவர் அன்றுதான் 'அவர்' என்றார். கைவிலங்கைவிட அந்த மரியாதைதான் ஹீன்பண்டாவை உறுத்தியது. விளக்கமறியலில் கதவு திறக்கும்போதெல்லாம் மச்சான் உண்மையைச் சொல்ல வந்துவிட்டான் என்று எழுந்து நின்றார். வந்தது சோறு.

வழக்கு முடியும்வரை அந்த இடத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆகவே சுவர் மறுபடி எழும்பவில்லை. விகாரையின் பழைய தோற்றத்தைக் காப்பாற்றியவர் தலைவர் தசநாயக்க என்று வாசலில் ஒரு பலகை மட்டும் எழும்பியது. பிணையில் வந்த ஹீன்பண்டா அதைப் படித்துவிட்டு, பூத்தட்டோடு பின்பக்கமாகச் சுற்றிப் போனார். தங்கை வீட்டில் அண்ணனுக்கு இப்போது தேநீர் கிடையாது.

பொலிஸ் அறிக்கையிலும் பலகையிலும் இல்லாதது இவ்வளவுதான்: ஹீன்பண்டா தூண்களுக்கிடையே இருந்த செங்கற்சுவரை இடித்தார். கறையான் ஏறிய மண்ணை அள்ளி வெளியே கொட்டினார்.