நெல்லுக்குள் வைத்த கெரிஸ்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். முற்றம் கூட்டினேன், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தேன், ஏழு மணிக்குப் புட்டு அவித்தேன். வழமையான சனிக்கிழமைதான். ஆனால் எதிர்வீட்டு ராத்தா பிற்பகல் ரயிலில் வருகிறார் என்பதால் எதிலும் மனம் நிற்கவில்லை.

நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அவர் மலாய்க் குடும்பத்தவர். கணவர் பொலிசில் இருந்து காலமானவர். கண்ணில் வெண்புரை எடுக்கக் கொழும்பிலுள்ள அண்ணனிடம் போனபோது, குடும்பத்துக் கெரிஸை என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். ஜாவாவிலிருந்து வந்த முன்னோரின் கத்தி அது. பாம்பு நெளிந்தாற்போன்ற அலகு, கறுத்த இரும்பில் வெள்ளி வரிகள். வாவியின் உப்புக் காற்று அதைத் தின்றுவிடும், கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணன் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். தகப்பன் தன் கையில் தந்ததைப் பிரிய ராத்தாவுக்கு மனமில்லை.

போகும்போது ராத்தா சொன்னார்: "வெள்ளிக்கு வெள்ளி துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் மூணு துளி பூசு புள்ள. தேங்காயெண்ணெய் வேணாம், பிசுபிசுத்துப் போகும். அலகில விரல் படப்படாது. உறை மரம் ஈரம் இழுக்கும், அதால சீலையில சுத்தி அலுமாரியில வை."

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். முதல் வெள்ளி அப்படியே செய்து, நேரத்தையும் அதில் குறித்தேன். அடுத்த நாள் மழை பெய்து அலுமாரிக்குப் பின்சுவர் நனைந்தது. மகனின் போன் வாவியில் விழுந்தபோது அரிசிக்குள் போட்டு மீட்டது நினைவுக்கு வந்தது. மண்டூர் வயல்வட்டையில் வெட்டிய நெல் ஒரு மூடை அறையில் இருந்தது. சீலையோடு கத்தியை அதற்குள் இறக்கினேன். அது இன்னும் காயப்போடாத புதுநெல் என்பதை யோசிக்கவில்லை.

நேற்று இரண்டாம் வெள்ளி. எடுத்தபோது சீலை சில்லென்றிருந்தது. நுனிக்கருகே எள்ளளவில் மூன்று செம்புள்ளிகள். சாம்பலால் தேய்க்கக் கை போனது. வரிகள் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் எண்ணெய் மட்டும் பூசி வைத்தேன்.

மூன்றரைக்கு ராத்தாவும் அண்ணனும் வந்தார்கள். ராத்தா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கத்தியை மேசையில் அவிழ்த்து வைத்து, நடந்ததை நானே சொன்னேன்.

"நெல்லுக்குள்ளயா வச்சீங்க?" அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தா முளைச்சிருக்கும்."

ராத்தா சிரிக்கவில்லை. "என்ன புள்ள இப்பிடிச் செஞ்சிட்டாய்" என்றார்.

அண்ணனை நானும் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் சொன்னேன்: "நானா, இது வாவிக் காத்தால வந்ததில்ல, என்ட பிழை. ராத்தாட கையில இதில ஒரு பொட்டும் வந்ததில்ல."

அண்ணன் தேசிக்காய் கேட்டார். பஞ்சில் சாறு தொட்டு மெதுவாகத் தேய்த்து, கழுவி, ஈரம் ஒற்றி எண்ணெய் பூசினார். இரண்டு புள்ளிகள் போயின. மூன்றாவது மங்கலாக நின்றது. பிறகு என் கொப்பியைப் புரட்டி உரக்க வாசித்தார்:

"வெள்ளி, ஐந்து நாற்பது, மூன்று துளி." என்னிடம் திரும்பினார். "துளியையும் எண்ணியா எழுதுவீங்க?"

"ஓம்."

அவர் தங்கையிடம் திரும்பினார். "என்ட வீட்டில இத ஆர் திறந்து பாக்கிற? மருமகள் அலுமாரி திறக்கிறதே பெருநாளைக்குப் பெருநாள்தான். இஞ்சயே இரிக்கட்டும்."

ராத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணத் தொடாத!" என்று அண்ணன் அதட்டினார்.

மார்ச் 10, ஞாயிறு. காலை முதல் வேலையாக முற்றத்தில் படங்கு விரித்து, அந்த நெல் மூடையைக் கொட்டிப் பரப்பினேன். பிறகுதான் அடுப்பு மூட்டினேன்.